பூட்ஸ் சத்தமும் இரத்த அழுத்தமும்

தினமும் ஒரு வார்டு முழுக்கப் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் பார்க்கிறவள், தன் கையில் இன்னொருவர் பட்டை சுற்றியதும் திருட்டு முழி முழித்தாள்.

தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ராணுவத்தில் நர்ஸாகச் சேர எழுத்துத் தேர்வு முடிந்தது, நேர்காணலும் முடிந்தது. உடல் தகுதித் தேர்வில் கண், காது, பல், முதுகெலும்பு எல்லாம் ஒத்துழைத்தன. இரத்த அழுத்தம் மட்டும் முரண்டு பிடித்தது. அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். இன்று இறங்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

“நூத்தி ஐம்பத்தாறு,” என்றார் மேஜர் அம்மா. நர்ஸாகச் சேர்ந்து மேஜர் ஆனவர். சேர்ந்த அன்றே சிரிப்பை வாசலில் ஒப்படைத்துவிட்டவர். “மூணு தடவை பார்ப்போம். நூத்தி நாப்பதுக்குள்ள வரணும். வெளிய உக்காருங்க.”

வெளியே பெஞ்சில் கணவன். அதே ராணுவத்தில் லாரி ஓட்டும் சிப்பாய். லீவு கிடைக்காமல், சில மணி நேர அனுமதி வாங்கிக்கொண்டு சீருடையோடு ஓடி வந்திருந்தான். வந்தது தப்பான இடம். ராணுவ மருத்துவமனையில் டாக்டர் அதிகாரி, நர்ஸ் அதிகாரி, பல் பிடுங்குகிறவர்கூட அதிகாரி. அந்த வராந்தாவில் அவனைவிடக் கீழ்ப்பதவியில் இருந்தது தண்ணீர் கேன் ஒன்றுதான். யார் கடந்தாலும் துள்ளி எழுந்து, பூட்ஸைத் தரையில் அறைந்து, விறைப்பாக சல்யூட் அடித்தான். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் தன் மணிக்கட்டில் நாடி பார்த்துக்கொண்டாள்.

“மூச்சை நல்லா இழுத்து விடும்மா,” என்றான்.

“நான் பேஷன்ட்டுக்குச் சொல்றதை எனக்கே சொல்லாதீங்க.”

“அப்புறம் ஏன் ஏறுது?”

“நீங்க ஏன் ஏறுதுன்னு கேக்குறீங்கள்ல, அதுலதான்.”

இரண்டாம் முறை. அறைக் கதவு சரியாகச் சாத்திக்கொள்ளாது. பட்டை இறுகும் நேரம் பார்த்து வெளியே யாரோ அதிகாரி கடந்தார். டப்! நூற்று அறுபத்திரண்டு.

“அரை மணி நேரம் கழிச்சுக் கடைசித் தடவை. மனசை லேசா வெச்சுக்கங்க,” என்றார் மேஜர் அம்மா, தண்டனையை வாசிக்கும் குரலில்.

அவள் வெளியே வந்து எண்ணைச் சொன்னதும் கணவன் தன் பூட்ஸைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

“நான் வேணா வண்டிகிட்டப் போய் நிக்கவா?”

“சத்தம் இல்லைங்க பிரச்சனை. நான் பாஸானா லெப்டினன்ட். எனக்கும் நீங்க இப்படித்தானே எந்திரிச்சு அறையணும்?”

“அறைஞ்சாப் போச்சு!” என்று சிரித்தான்.

“சிரிக்காதீங்க. அப்ளிகேஷன் போட்ட நாள்லருந்து பல்பொடி விளம்பரம் மாதிரி சிரிச்சுக்கிட்டே இருக்கீங்க. அதுதாங்க எனக்குப் பயமா இருக்கு.”

சிரிப்பு நின்றது. அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

“ஷெட்டுல பசங்க என்னை ஓட்டுறானுங்க. வீட்டுக்குப் போனா கதவைத் தட்டுவியா, காலைத் தட்டுவியான்னு.”

“குத்துச்சா?”

“குத்தாம? நான் என்ன பொம்மையா? நீ பாஸாகக் கூடாதுன்னு ஒரு நாள் வேண்டிக்கிட்டேன்.”

“வேண்டிக்கிட்டீங்களா! யாருகிட்ட?”

“பொதுவாத்தான்.” குரல் இறங்கியது. “அன்னிக்கே வாபஸும் வாங்கிட்டேன். நீ டூட்டி முடிஞ்சு வந்து, சோத்தைத் தட்டுல போட்டு வெச்சுக்கிட்டுப் படிச்சே பாரு, சாப்பிடவே மறந்து போய். அதைப் பார்த்துட்டு எப்படிம்மா வேண்டிக்கிறது?”

“இப்பவும் குத்துதா?”

“கொஞ்சம் குத்துது.”

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் மாதக்கணக்காக நெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று அந்தக் கோபத்துக்கு இடம் விட்டுச் சற்று நகர்ந்தும் கொண்டது.

உள்ளே கூப்பிட்டார்கள்.

கதவு வழக்கம்போல அரைகுறையாகச் சாத்திக்கொண்டது. அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு, பூட்ஸைத் தரையோடு அழுத்தி, அசையவே கூடாது என்று முடிவெடுத்தான். வராந்தாக் கோடியில் ஒரு கர்னல் திரும்பினார். மெதுவாக எழுந்துகொள்ளலாம் என்று மனம் சொன்னது. காலுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் மனதைக் கேட்டுக் கொடுக்கவில்லை. டப்! கட்டடமே அதிர்ந்தாற்போல் இருந்தது. கர்னல் போய் வெகுநேரம் ஆகியும் கை இறங்கவில்லை. அந்த மரியாதையைத் தண்ணீர் கேன் ஏற்றுக்கொண்டிருந்தது.

சட்டைக் கையை இறக்கியபடி அவள் வெளியே வந்தாள்.

“நூத்தி முப்பத்தெட்டு.”

“சத்தம் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. நீங்கதான்னு தெரிஞ்சுது. அதோட விட்டுட்டேன்.”

மேஜர் அம்மா கதவில் தலை நீட்டினார். இவன் இன்னொரு முறை பூட்ஸை அறைந்தான்.

“வீட்டுக்காரரும் நம்ம ஆளா? ரெண்டு பேருக்கும் ஒரே ஊர்ல போஸ்டிங் கிடைக்கும்னு யாரும் வாக்கு கொடுக்க மாட்டாங்க. தெரிஞ்சுக்கிட்டே கையெழுத்துப் போடுங்கம்மா.”

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் விறைப்பாக நின்றதில் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. அதிகாரி முன்னால் நிற்கும் சிப்பாயின் வசதி அது. உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

இருவரும் மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்துக்கு வந்தார்கள்.

“தூரமாப் போட்டுட்டா?” என்றான்.

“தெரியலைங்க.”

“இதைக் கேட்டா எனக்கு ஏறும் போல இருக்கே.”

“நேரமாச்சு, வண்டியை எடுங்க.”

“சரி மேட...” என்று ஆரம்பித்தவன் மிச்சத்தை விழுங்கிவிட்டு வண்டியை உதைத்தான். அது முதல் உதையில் கிளம்பவில்லை. அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, கிளம்புவதற்கு முன்பே அவன் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.