கடல் பக்கம் திருப்பிய குழாய்

மழை கட்டிக் கரை மறைந்துவிட்டால், உவரியில் மரிய அந்தோணி வீட்டு மொட்டைமாடி ஒலிபெருக்கிக் குழாயைக் கடல் பக்கம் திருப்பி, யாராவது மைக்கில் பேசிக்கொண்டே இருப்பார்கள். வள்ளங்கள் அந்தக் குரலைப் பிடித்துத்தான் கரைக்கு வரும். மரிய அந்தோணியே கடலில் மாட்டிக்கொண்ட அன்று, அவர் மனைவி மரியம்மாள் பேசினாள். பாதிப் பேச்சில் ஆம்ப்ளிஃபயர் புகைந்து அணைந்துபோனது. அவர் வரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை.

கட்டிலுக்கடியில் போட்ட அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியை அவள் யாரையும் தொடவிட்டதில்லை. இந்த வருஷம் அவளே கொழுந்தன் மார்ட்டினிடம் தூக்கிக் கொடுத்தாள். கொடியேற்றத் திருவிழாவுக்காக இருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

உள்ளே எலி கடித்த வயர்கள், உப்பில் பச்சை பூத்த முனைகள், வீங்கி வெடித்த கண்டென்சர்கள். "சவம், இதுக்குப் புதுசே வாங்கியிருக்கலாம்" என்று ஏசிக்கொண்டே ஒவ்வொன்றாக மாற்றினான். ஒருவழியாக உள்ளிருந்த கண்ணாடி வால்வுகள் சூடேறிச் சிவந்தன. தெருவைப் பார்த்து வைத்திருந்த குழாய் உறுமியது.

"மைனி, சரியாயிட்டு! திருவிழாவுக்கு இதையே கட்டிருவோம்" என்று மாடியிலிருந்து கத்தினான்.

மரியம்மாள் படியேறி வந்தாள். குழாயைக் கடல் பக்கம் திருப்பினாள். மழையில்லை, பளீரென்ற வெயிலில் கடல் வெறுமையாகக் கிடந்தது. மைக்கை வாங்கி வாயருகே வைத்து, அன்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

"கரை இங்கனதான் இருக்கு. பைய வாங்க."