ஐந்தாவது பந்தி

மதிலுக்கு மேலே எழும்பிய பந்து இன்னும் இறங்கவில்லை, வேம்பின் உச்சிக்கும் மேலே, மாலை வெயில் அதன் ஒரு பக்கத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருக்க, யாரோ அங்கே ஆணியடித்து மாட்டிவைத்தது போல நிற்கிறது, கீழே ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து நிற்கிறார்கள், நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார், அப்பா மைதானக் கோட்டோரத்து மர நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார், நான் அவர் பக்கத்தில் நிற்கிறேன், கல்லூரியில் சேர்ந்த வருஷம், மீசை சரியாக அரும்பவில்லை, இல்லை, நான் நிற்கவில்லை, உட்கார்ந்திருக்கிறேன், எங்கள் வீட்டு முன்கூடத்தில், அதே மர நாற்காலியில், எழுபது தாண்டிய உடம்போடு, எதிரே காப்பி ஆறி ஆடை படிந்துகொண்டிருக்கிறது, கால் தானாக ஆடிக்கொண்டிருக்கிறது, கையால் முழங்காலை அமுக்கிப் பிடிக்கிறேன், ஜெபக்கனி சொல்வது காதில் விழுகிறது, விழாமலும் போகிறது, அண்ணாச்சி, நாலாவது இடத்துக்குத்தான் தகராறு, மூணு வரைக்கும் யாரும் வாயத் திறக்கல.

அது எங்கள் கோப்பை, தாத்தா ஞானாதிக்கம் பெயரில் அப்பா ஏற்படுத்தியது, தெற்கு மாவட்டங்களின் கல்லூரிகள் வருஷம் முழுக்க ஒன்றோடொன்று கால்பந்து ஆடும், அந்த ஆட்டங்களைப் பார்த்து எங்கள் குழு தரவரிசை போடும், முதல் நான்கு கல்லூரிகளுக்கு மட்டும் அழைப்புப் போகும், இரண்டு அரையிறுதி, ஒரு இறுதி, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது, அந்த நான்கில் வருவதற்காகப் பையன்கள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு ஆடுவார்கள், தேநீர்க் கடைகளில் பெரிய மனிதர்கள் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைக்காமல் சண்டை போடுவார்கள், ஐந்தாவதாக நின்றவன் ஏன் ஐந்து, நான்காவதாக வந்தவன் எப்படி நான்கு, இவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மூன்று பேர் தீர்மானிக்க இவர்கள் யார் என்று, அப்பா காலத்தில் மூன்று பேர்கூட இல்லை, அவர் ஒருவர்தான், காலை ஜெபம் முடிந்ததும் வாசலில் வந்து நின்று நான்கு பெயர் சொல்வார், யாரும் ஏன் என்று கேட்டதில்லை, கேட்கவிடும் முகம் அல்ல அது, இப்போது நான் தலைவர், அப்பா உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த ஊர்க் கல்லூரியில் அவருக்குப் பின் அதே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜெபக்கனி செயலர், மூன்றாவது ஆள் என் தம்பி மகன் ரெக்சன், சென்னையில் வேலை, குழுக் கூட்டத்துக்கு மட்டும் வருவான், வந்தால் எழுந்து எழுந்து நடப்பான், அவன் நடப்பதைப் பார்த்தால் என் கால் இன்னும் ஆடுகிறது.

ஊர்க் கல்லூரி இதுவரை ஒரு வருஷம்கூட நான்குக்கு வெளியே நின்றதில்லை, இந்த வருஷம் இரண்டு ஆட்டம் தோற்றுவிட்டது, கடற்கரைக் கல்லூரி தோற்றது ஒன்றுதான், அதுவும் கடைசி நிமிஷத்து பெனால்டியில், ஜெபக்கனி விரலை மடக்கிக் கணக்குச் சொல்கிறார், நம்ம பிள்ளைக தோத்தது பெரிய டீமுங்ககிட்ட அண்ணாச்சி, அவனுவ ஜெயிச்சது யார? நேத்துப் பூட்ஸ் மாட்டின பயலுவள, நான் சொல்கிறேன், ஜெயிப்பு ஜெயிப்புத்தானே, அவர் விடவில்லை, எவன ஜெயிச்சான்னு பாக்காண்டாமா, பிறகு என்னத்துக்கு நாம தரவரிசை போடணும், புள்ளியக் கூட்டுதவன் கூட்டிட்டுப் போவான், அவர் சொல்வதிலும் பிழை இல்லை, எங்கள் கல்லூரியும் கடற்கரையும் நேருக்கு நேர் மோத வேண்டிய ஆட்டம் மழையில் நின்றுபோனது, அது நடந்திருந்தால் இந்தக் கூட்டமே வேண்டாம், மழை அன்று மைதானத்தில் நின்ற தண்ணீரில் பந்து மிதந்தது எனக்குத் தெரிகிறது, மிதக்கிற பந்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது மேலே எழும்புகிறது, வேம்பைத் தாண்டுகிறது, நான் மறுபடி அங்கே போய்விடுகிறேன்.

ரெக்சன்தான் என்னைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தான், பெரியப்பா, இந்தத் தலைவலியே வேண்டாம், எட்டா ஆக்கிடுவோம், இந்த வருசத்துலருந்தே, ஊர்க் கல்லூரியும் வரும், கடக்கரைப் பையன்களும் வருவாங்க, ஒரு வாரம் திருவிழா மாதிரி இருக்கும், யாருக்கும் மனசு நோவாது, ஜெபக்கனி முகம் மலர்ந்தது, அவருக்கு எட்டும் சம்மதம், பதினாறும் சம்மதம், ஊர்க் கல்லூரி வெளியே நிற்கக் கூடாது, அவ்வளவுதான், நான் கேட்டேன், எட்டு டீமுக்கும் சோறு எங்க போடுவே? ரெக்சன் சிரித்தான், கல்யாண மண்டபம் பிடிச்சிடலாம் பெரியப்பா, ஓட்டல்ல பொட்டலம் சொல்லிடலாம், இப்பல்லாம் யாரு இலை போட்டு உக்காத்தி வைக்காங்க.

இந்த வீட்டில் உட்கார்த்தி வைப்பார்கள், அது அவனுக்குத் தெரியாமல் இல்லை, எங்கள் கோப்பைக்கு ஆட வருகிற ஒவ்வொரு பையனும் எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் இலை போட்டுச் சாப்பிட வேண்டும், தோற்றவனும் ஜெயித்தவனும் ஒரே நேரத்தில், ஒரு டீமுக்கு ஒரு பந்தி, கிணற்றடியிலிருந்து மாட்டுக் கொட்டகை வரை நான்கு பந்திதான் கொள்ளும், கோப்பையின் நான்கு அங்கிருந்து வந்தது, ஊரார் அதை ஏதோ பெரிய ஆட்டக் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பத்திரிகைக்காரர் ஒருவர் தரம் கெடாமல் காத்த நான்கு என்று எழுதினார், நான் திருத்தவில்லை, ஞானாதிக்கம் வீட்டு முற்றம் சிறியது என்று நான் எதற்குச் சொல்ல வேண்டும்.

ஆனாலும் ஒரு முறை ஐந்து பந்தி போட்டதுண்டு, அந்தப் பந்து மதிலைத் தாண்டிய அன்று, அந்த வருஷம் கடற்கரைக் கல்லூரி புதிது, கூரைக் கொட்டகையில் வகுப்பு, பாதிப் பேருக்கு பூட்ஸ் கிடையாது, ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை அவர்கள், அப்பா அவர்களை ஐந்தாவதாக வைத்தார், சின்ன டீமுகளத்தான் ஜெயிச்சிருக்காங்க, பாப்போம் அடுத்த வருசம், என்றார், அழைப்பு இல்லாமலே இறுதி ஆட்டத்துக்கு அவர்கள் வந்தார்கள், உள்ளே வரவில்லை, மைதானத்து வாசல் கம்பிக் கதவு தாழிட்டிருந்தது, மதிலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், பார்க்க முடியாது அங்கிருந்து, கேட்கத்தான் முடியும், எங்கள் கல்லூரிப் பையன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு உதைத்த பந்து மதிலைத் தாண்டிப் போனது, எல்லோரும் காத்து நின்றோம், வெளியே ஒரு சத்தமும் இல்லை, பிறகு பந்து வந்தது, எறிந்த பந்து இல்லை, வெறுங்காலால் உதைத்தது என்று அந்த ஒலியிலேயே தெரிந்தது, மதிலைத் தாண்டி, வேம்பைத் தாண்டி, மைதானத்தின் நடு வட்டத்தில் வந்து விழுந்தது, பார்க்காமல் உதைத்த உதை, கூட்டம் கை தட்டவில்லை, யாரைப் பார்த்துத் தட்டுவது, அப்பா மட்டும் ஆட்டம் முடியும் வரை உட்காரவே இல்லை.

அன்று பின்முற்றத்தில் அம்மாவிடம் இன்னொரு பந்தி போடச் சொன்னார், மாட்டை அவிழ்த்து வெளியே கட்டிக் கொட்டகையைக் கழுவிவிட்டு அங்கே இலை போட்டார்கள், கூட்டிட்டு வா என்று என்னை அனுப்பினார், நான் மதிலைச் சுற்றி ஓடினேன், மணலில் கால் தடம்தான் இருந்தது, அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள், திரும்பி வந்து சொன்னேன், அப்பா இலையை எடுக்க விடவில்லை, வேறு யாரையும் உட்கார விடவில்லை, நான்கு பந்தி சாப்பிட்டு எழுந்தது, ஐந்தாவது பந்தி இலைகள் தண்ணீர் தெளித்தபடியே சுருண்டன, இதை நான் பரிசளிப்பு மேடையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், எங்கள் வீட்டு உபசாரத்துக்கு உதாரணமாக, கேட்பவர்கள் கை தட்டுவார்கள், நானும் நிமிர்ந்து நிற்பேன், ஆனால் இந்தக் கூடத்தில் ரெக்சன் எட்டு எட்டு என்று நடந்துகொண்டிருக்கும்போது அந்த இலைகள் சுருளும் சத்தம் கேட்கிறது, இலை சுருளச் சத்தம் கேட்குமா, கேட்கிறது, மைதானத்தில் இடம் தராமல் ஆட்டம் முடிந்த பிறகா இலை போடுவார்கள், அப்பா தப்புச் செய்தார் என்று நான் சொல்லவில்லை, இந்த வீட்டில் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை.

கடற்கரைக் கல்லூரியின் பயிற்சியாளர் கிளமென்ட் குழு கூடிய அன்றே வந்திருந்தார், கூட்டம் முடியட்டும் என்று வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள், உள்ளே கூப்பிடச் சொன்னேன், ஜெபக்கனிக்குப் பிடிக்கவில்லை, கறுத்த, குட்டையான மனிதர், நாற்பது வயதிருக்கலாம், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார், உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை, ரெக்சன் உற்சாகமாக எட்டு டீம் விஷயத்தைச் சொன்னான், உங்களுக்கும் நல்லது, எங்க கல்லூரிக்கும் நல்லது என்றான், கிளமென்ட் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார், எங்களுக்காவ எட்டாக்க வேண்டாம் ஐயா, இந்த வருசம் நாலுன்னு சொல்லித்தான் பயலுவ ஓடினானுவ, நாலுல ஒண்ணுன்னா வாறோம், இல்லன்னா அஞ்சாவதாவே இருந்துக்கிடுதோம். நடந்துகொண்டிருந்த ரெக்சன் நின்றுவிட்டான், ஜெபக்கனி, எம்மா, என்ன ரோசம் என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்கு அந்த வெறுங்கால் ஒலி கேட்டது, பார்க்காமல் உதைத்த உதை, இவர் அப்போது பிறந்தேயிருக்க மாட்டார், ஆனாலும் இவர் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எட்டு என்பது யாருக்காக என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, கடற்கரைக்காக இல்லை, எங்களுக்காக, ஞானாதிக்கம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு நாற்காலி குறைகிறது என்றதும் கூடத்தையே பெரிதாக்கப் பார்க்கிறார்கள், தாத்தா பெயர் பொறித்த கோப்பையில் நாங்களே இடம் இரந்து நிற்பதா.

என் கால் ஆடுவது நின்றிருந்தது, எழுந்தேன், ஜெபக்கனி, எழுதிக்கிடும், நாலாவது கடற்கரை, என்றேன், அவர் பேனாவைத் திறக்கவில்லை, அண்ணாச்சி, உங்க அப்பா ஆத்மா, என்று ஆரம்பித்தார், எங்கப்பாவ நான் பாத்துக்கிடுதேன் வே, நீரு எழுதும், அடுத்த வருஷத்துக்கு எட்டு, அதையும் எழுதும், இப்பவே ஊருக்குச் சொல்லிரும், ஆடுறதுக்கு முன்னாலயே பயலுவளுக்குத் தெரியணும், ரெக்சன் மெல்லக் கேட்டான், எட்டுன்னா சோறு பெரியப்பா? பின்முத்தத்துத் தெற்குச் சுவரை இடிச்சிருவோம்ல, என்றேன், கிளமென்ட் கும்பிட்டார், நன்றி சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

ஊர் பேசியது, ஞானாதிக்கம் பேரன் தகப்பன் கல்லூரியையே வெளியே தள்ளிவிட்டான் என்று, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வரும்போது இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், இறுதி ஆட்டத்தன்று நான் கோட்டோரத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன், கடற்கரைப் பையன்கள் அரையிறுதியிலேயே தோற்றுவிட்டார்கள், பார்த்தீர்களா என்று ஜெபக்கனி என்னிடம் சொல்லவில்லை, அவர் இருமும் இருமலில் அது இருக்கிறது, எங்கள் கல்லூரிப் பையன்கள் உள்ளே வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், மதிலுக்கு வெளியே நிற்கிறார்கள் என்று காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், வரமாட்டோம் என்றுவிட்டு வந்து நிற்கிறார்கள், அது என் ஊர் ரத்தம்தான், பின்முற்றத்தில் காலையிலேயே கொட்டகையைக் கழுவச் சொல்லிவிட்டேன், இங்கே ஆட்டம் நடக்கிறது, யாரோ கண்ணை மூடிக்கொண்டு உதைக்கிறார்கள், பந்து எழும்புகிறது, மதிலைத் தாண்டி, வேம்பைத் தாண்டி, வெயில் ஒரு பக்கம் தொட, எல்லோரும் அண்ணாந்து நிற்கிறார்கள், நடுவர் விசிலை எடுத்துவிட்டார், அப்பா எழுந்து நிற்கிறார், இல்லை, நான் எழுந்து நிற்கிறேன், நின்று காத்திருக்கவில்லை, நடக்கிறேன், மைதானத்தின் ஓரமாக, நாற்காலியைத் திரும்பிப் பார்க்காமல், கம்பிக் கதவின் தாழ் துருவேறி இறுகியிருக்கிறது, இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறேன், உள்ளங்கை எரிகிறது, கதவு மண்ணைச் சீவிக்கொண்டு திறக்கிறது, பந்து இறங்கிவிட்டது, ஒருவன் அதைக் காலடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு உதைக்கப் பார்க்கிறான், மதிலுக்கு மேலே, என்னைக் கண்டதும் கால் நின்றுவிடுகிறது, மேல வேண்டாம்ல, இப்பிடி உருட்டிக்கிட்டு வா, எல்லாரும் வாங்க, இலை போட்டிருக்கு, என்கிறேன், அவன் மற்றவர்களைப் பார்க்கிறான், அவர்கள் அவனைப் பார்க்கிறார்கள், பிறகு பந்து தரையோடு தரையாக, திறந்த வாசலுக்குள், என் செருப்பை உரசிக்கொண்டு உருண்டு வருகிறது.