அலமாரிக்குள் ஒரு கல்யாணப் பாட்டு

ஆற்றோரத்து இம்பாபாப் பேட்டையில் கல்யாண வீடுகளில் பாடுகிறவள் தஹானி. அடுத்தவர் பாட்டையே எத்தனை நாள் பாடுவது என்று தானே ஒன்று கட்டினாள். ஃப்ரிட்ஜ் வாங்கித் தருவதாகச் சத்தியம் செய்துவிட்டு ஐஸ்கட்டியோடு வந்து நின்ற மாப்பிள்ளையைப் பற்றிய பாட்டு.

ஸ்டூடியோவுக்கு வசதியில்லை. துணி அலமாரிக்குள் கம்பளிகளைத் திணித்து நடுவில் மைக்கை வைத்தாள். மூச்சுச் சத்தம் விழாமலிருக்க, வளைத்த கம்பியில் பழைய காலுறையை இழுத்துக் கட்டி மைக்கின் முன்னால் நிறுத்தினாள். பழைய கம்ப்யூட்டர் தாளம் போட்டது. கணவன் மெத்வல்லி மௌஸைப் பிடித்தான்.

பாட்டு உச்சத்துக்கு ஏறும்போதெல்லாம் மேல்வீட்டு வகீதா பால்கனியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கி, கீழே மளிகைக்கடை கத்ரியைப் பார்த்துக் கத்துவாள்.

“முட்டைய மேல வையிடா கத்ரி, பாலாடைக்கட்டிய அடியில வை. கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?”

ஜன்னலைச் சாத்தியும் பயனில்லை. மெத்வல்லி அந்த இடத்தை அழிக்கப் போனான்.

“இரு, அழிக்காத. தாளத்துல எப்படி வந்து விழுது பாரு.”

“அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா நம்மளயும் கூடையில வச்சு இறக்கிடும்.”

“தெரிஞ்சாத்தானே.”

வெட்டி, அடுக்கி, கடைசி வார்த்தையை ரோபோ மாதிரி இழுத்துவிட்டாள் தஹானி. மெத்வல்லி தன் ஆட்டோவில் அதை அலறவிட்டான். மற்ற ஆட்டோக்காரர்கள் போனில் வாங்கிக்கொண்டார்கள். வாரம் முடிவதற்குள் பிள்ளைகள் கத்ரி கடை வாசலில் நின்று, “கண்ணு என்ன பொடனியிலயா” என்று ராகம் போட்டன.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வகீதா கதவைத் தட்டினாள். மெத்வல்லி குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டான்.

“என் குரல எடுத்தியா?”

“அது தானா வந்து விழுந்திடுச்சுக்கா.”

“அன்னைக்கு எனக்குச் சளி. ஊரே கேக்குற பாட்டுல தொண்டை கட்டின குரலயா போடுவே? நகரு.”

தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு அலமாரிக்குள் தலையை விட்டாள். மைக்கைக் கண்டதும் புதுப்பெண் மாதிரி முனகல்தான் வந்தது. எத்தனை முறை முயன்றும் அதே முனகல். தஹானி யோசித்தாள். பிறகு பால்கனிக்குப் போய்க் குனிந்தாள்.

“கத்ரி மாமா, நீங்க போடுறது அழுகின முட்டைன்னு வகீதாக்கா சொல்றாங்க.”

“வாங்குறது நாலு முட்டை, கத்துறது நாப்பது முட்டைக்கு. அவள வந்து நேர்ல சொல்லச் சொல்லு,” என்று கீழிருந்து வந்தது.

வகீதா பால்கனிக்குப் பாய்ந்தாள். குளியலறைக் கதவு மெல்லத் திறந்தது. மெத்வல்லி பூனை நடை நடந்து, மைக்கைப் பால்கனிப் பக்கம் திருப்பி வைத்தான்.

அந்தச் சண்டையோடு வந்த புதுப் பாட்டு ஆற்றைத் தாண்டியும் போனது. அடுத்த கல்யாணத்தில் தஹானி மேடையேறியதும், “மத்த ரெண்டு பேர் எங்க?” என்றுதான் கேட்டார்கள். சுருக்கென்றது. ஃப்ரிட்ஜ் வரிகளுக்காக எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டாள். ஆனாலும் ஆளனுப்பி இருவரையும் வரவழைத்தாள்.

மேடையின் இரு ஓரங்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று அவர்கள் கத்தக் கத்த, சிரித்த சிரிப்பில் மணப்பெண்ணின் கண்மை கன்னத்தில் வழிந்தது. இருவரும் மூச்சு வாங்கிய இடைவெளியில் தஹானி தன் ஃப்ரிட்ஜ் வரிகளை நுழைத்தாள். மாப்பிள்ளை தலை குனிந்துகொண்டான்.