பாலத்துக்கு அந்தப் பக்கம் எட்டுக் கட்டில்

மருத்துவமனையின் மேல்மாடிக் கூரையில் விரிசல் விட்டதும், பச்சிளங்குழந்தைகள் பிரிவை அவசர அவசரமாக ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த வேறொரு கட்டடத்துக்கு மாற்றினார்கள். எட்டுக் கட்டில்களும் அவற்றின் தலைமாட்டில் இருக்கும் மானிட்டர்களும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன. நர்ஸ்களும் போய்விட்டார்கள். குழந்தைகளுக்கான இதய டாக்டர் மட்டும் பழைய கட்டடத்திலேயே இருக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் ஆபரேஷன் தியேட்டர் அங்கேதான். ஊருக்கு இருந்த ஒரே இதய டாக்டர் அவர்.

முன்பெல்லாம் டாக்டரின் அறையில் ஒரு பெரிய திரை இருக்கும். எட்டுக் குழந்தைகளின் இதயத் துடிப்பும் அதில் அலை அலையாக ஓடிக்கொண்டிருக்கும். இப்போது அது கறுப்பாகக் கிடந்தது. நர்ஸ் போன் செய்தால் டாக்டர் ஓடுவார். பாலத்தில் நெரிசல் என்றால் காரிலேயே உட்கார்ந்து தவிப்பார்.

இதைச் சரிசெய்யும் வேலை ஒயரம்மாவிடம் வந்தது. அந்த மருத்துவமனையின் நெட்வொர்க் முழுவதையும் தனியாளாகப் பார்த்துக்கொள்பவள் அவள். அந்தப் பெயரை வைத்தது யாரென்று தெரியவில்லை, அவளும் கோபித்துக்கொண்டதில்லை.

மானிட்டர் கம்பெனிக்காரர் போனில் கையை விரித்துவிட்டார்.

"மேடம், இது பழைய மாடல். திரையும் மானிட்டரும் ஒரே சுவிட்ச்சுல, அதாவது ஒயர் எல்லாம் செருகற ஒரே பெட்டியில இருந்தாத்தான் ஒண்ணையொண்ணு கண்டுபிடிக்கும். இன்டர்நெட் வழியா எல்லாம் பேசத் தெரியாது."

ஒயரம்மாவுக்கு அது புதிய செய்தி அல்ல. ஒரே வீட்டுக்குள் இருப்பவர்கள் அறைக்கு அறை குரல் கொடுத்துக்கொள்கிற மாதிரிதான் அந்தக் கருவிகள் பேசிக்கொள்ளும். முகவரி போட்டு வெளியூருக்கு அனுப்பத் தெரியாது. அப்படியென்றால் இரண்டு கட்டடத்தையும் ஒரே வீடு என்று அவற்றை நம்பவைக்க வேண்டும். அவை அனுப்பும் தகவல் பொட்டலங்களை, அதாவது ஈதர்நெட் பாக்கெட்டுகளை, அப்படியே இன்னொரு உறைக்குள் போட்டு, இன்டர்நெட் வழியாக அந்தப் பக்கம் அனுப்பி, உறையைப் பிரித்து விட வேண்டும். அதற்குப் பெயர் டனல். அதைப் போட வழிகள் பல இருந்தன. எதைப் பிடிப்பது என்பதுதான் குழப்பம்.

அவள் தம்பி பெரிய டேட்டா சென்டர் ஒன்றில் வேலை பார்த்தான். அவனிடம் கேட்டாள்.

"விஎக்ஸ்லான் டனல் போடுக்கா. இப்ப பெரிய இடத்துல எல்லாம் அதுதான். மேல பூட்டுக்கு ஒயர்கார்ட் போட்டுடு, நடுவுல யாரும் படிக்க முடியாது."

"நான் ஓப்பன்விபிஎன் டனல் போடலாமான்னு நினைச்சேன்."

"அதுவா? நாம ரெண்டு பேரும் படிக்கறப்ப இருந்தது. ஆமை மாதிரி போகும்."

தம்பி முன்னால் பழைய பஞ்சாங்கமாகத் தெரிய அவளுக்கு மனசில்லை. அவன் சொன்னதையே போட்டாள்.

மறுநாள் டாக்டரின் திரை உயிர் பெற்றது. எட்டுக் கட்டங்கள் வந்தன. துடிப்பு எண்கள் வந்தன. அலைகள் வரவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் வெறும் கறுப்பு இடம்.

டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எண்ணை நர்ஸே போன்ல சொல்லிடுவாங்கம்மா. எனக்கு வேண்டியது அலை. அதோட வளைவுலதான் எல்லாமே இருக்கு."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்று முழுக்க அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்தான்.

ஒயர் அறையில் ஒரே ஒரு நாற்காலிதான். அக்காவை அதில் உட்காரவைத்துவிட்டு அவன் தரையில் சம்மணம் போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டான். ஓடும் பாக்கெட்டுகளைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"அக்கா, இங்க பாரு. சின்னது எல்லாம் போகுது. பெருசு எல்லாம் வாசல்லயே செத்துடுது."

அவளும் குனிந்து பார்த்தாள். எண்கள் சின்ன பாக்கெட். அலைகள் வழி கொள்ளும் அளவுக்கு முழு பாக்கெட். அதன்மேல் டனலின் உறையும் பூட்டின் உறையும் சேர்ந்ததும், கதவுக்குள் நுழையாத கட்டிலாகிவிடுகிறது.

"மானிட்டர்ல அளவைக் குறைக்க முடியுமா?" என்று தம்பி கேட்டான்.

"கம்பெனிக்காரங்க அதைத் தொடவே விடமாட்டாங்க."

"எங்க இடத்துல வழியையே அகலமா வெச்சிருப்போம். அதனால எனக்கு இது தோணவே இல்லக்கா. லைன் கொடுக்கறவங்ககிட்ட கேட்டுப் பாரேன்."

கேட்டாள். பொது இன்டர்நெட்டில் அதெல்லாம் முடியாது என்று பதில் வந்தது. பிறகு அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

"டேய், அந்த ஆமை இருக்கே, ஓப்பன்விபிஎன். பெரிய பாக்கெட்டை அதுவே ரெண்டா வெட்டி அனுப்பும். அந்தப் பக்கம் ஒட்டிக் கொடுத்துடும். பூட்டும் அதுலயே இருக்கு."

தம்பி லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தான்.

"மெதுவாப் போகுமே."

"போகட்டும். எட்டுக் குழந்தையோட துடிப்பைத்தானே அனுப்பறோம், எட்டு சினிமாவையா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, போடு. ஆனா ஒண்ணு. ரெண்டு பக்கமும் ஒரே வீடாயிட்டா இங்க கத்துறது எல்லாம் அங்கயும் கேட்கும். மானிட்டருக்குன்னு தனி சுவிட்ச் வை. ஆஸ்பத்திரி கூச்சல் மொத்தமும் உள்ள வந்தா ஆமை நசுங்கிடும்."

அது அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. அவன் சொன்னபடியே தனி சுவிட்ச் வைத்தாள். தம்பி பாலத்தைத் தாண்டிப் போய் அந்தப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டான். போனில் பேசிக்கொண்டே இருவரும் டனலுக்கான அமைப்புகளை ஒவ்வொரு வரியாக எழுதினார்கள்.

டாக்டரின் திரையில் அலைகள் முதலில் இரண்டு கட்டத்தில் வந்தன. பிறகு எட்டிலும் வந்தன. பச்சை நிறத்தில், சின்னச் சின்ன மலை மாதிரி ஏறி இறங்கி ஓடின. ஒயரம்மா டாக்டரின் அறையில் நாற்காலியின் கையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பக்கத்துத் தலைமை நர்ஸ் போனை வாங்கினார். "எல்லாம் சரிம்மா. லைன் கட்டாயிட்டா டாக்டர் திரையில என்ன தெரியும்? பழைய அலையே நின்னு போய், குழந்தை நல்லாயிருக்குன்னு அவர் நினைச்சுட்டா?"

நல்ல கேள்வி. தம்பியிடம் கேபிளைப் பிடுங்கச் சொன்னாள். அலைகள் அழிந்து, 'தொடர்பு இல்லை' என்று எட்டுக் கட்டத்திலும் சிவப்பாக வந்தது. மறுபடி செருகினான். அலைகள் திரும்பின. கட்டில் பக்கத்து அலாரம் எப்போதும்போல அங்கேயே அடிக்கும், இந்தத் திரை டாக்டரின் கண்ணுக்கு மட்டும்தான் என்று பேசி முடிவு செய்தார்கள். அதற்குப் பிறகுதான் தலைமை நர்ஸ் சம்மதித்தார்.

டாக்டர் ஆபரேஷன் முடித்து வந்து, முகக்கவசத்தைக் கழற்றாமலே திரைக்கு முன்னால் நின்றார். ஒரு கட்டத்தில் அவர் பார்வை நிலைத்தது. உடனே போனை எடுத்தார்.

"ஜன்னலோரக் கட்டில் பாப்பாவோட அலையில சின்ன மேட்டுக்கும் பெரிய மேட்டுக்கும் நடுவுல இடைவெளி ஜாஸ்தியாயிருக்கு. இதயத்துக்குக் கொடுக்கற மருந்து ரொம்ப வேலை செய்யுது போல. அடுத்த வேளை கொடுக்காதீங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

சாயங்காலத்துக்குள் அந்த மேடுகள் மெல்ல மெல்ல நெருங்கி ஓட ஆரம்பித்தன. டாக்டர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்க மறந்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "உக்காந்த இடத்துலயே ஒரு ரவுண்டு போயிட்டு வந்துட்டேன்மா," என்றார் ஒயரம்மாவிடம்.

தம்பி பாலத்தை நடந்தே தாண்டி வந்தான். வழியெல்லாம் வண்டிகள் அசையாமல் நின்றிருந்தனவாம்.

"ஜன்னலோரப் பாப்பாவோட அம்மாவைப் பாத்தேன்," என்றான். "குழந்தை கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. டாக்டர் அங்கருந்தே பாக்கறாராமேன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அந்த மானிட்டரைப் பாத்து லேசா தலையாட்டினாங்க, அவருக்கு வணக்கம் சொல்ற மாதிரி."

ஒயரம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வா, பசிக்குது. நீ என்ன சாப்பிடறே?"

"எது வேகமா வருமோ அது," என்றான் தம்பி.