சேலை கட்டிய அத்தி

தில்லையம்பலத்தின் ஆசை பெரியதல்ல. லண்டன் மனோர் பார்க்கில், தன் வீட்டுப் பின்வளவில், ஒரேயொரு அத்திப்பழம் பழுக்க வேண்டும். அதை முருகனுக்குப் படைத்துவிட்டுத் தானே சாப்பிட வேண்டும். மரமோ வருடா வருடம் இலையை மட்டும் தந்தது. பிஞ்சுகள் குளிரில் கருகி விழுந்தன.

"பனிக்கு முன் போர்த்துவிடு. ஏப்ரலில் அவிழ்த்துவிடு. அவ்வளவுதான்," என்றார் அடுத்த வீட்டு எட்வேட். வேலிக்கு மேலால் தன் பக்கம் நீண்டிருந்த கொப்பை அவர் பழைய கம்பளிக் காலுறைக்குள் நுழைத்துக் கட்டினார்.

முருகனுக்குப் போகிற பழத்துக்குக் காலுறையா? தில்லையம்பலம் சிரித்தார். மனைவி தவநாயகியின் மஞ்சள் சேலையை எடுத்து மரத்தைச் சுற்றினார். அது 1991 கார்த்திகை.

பொங்கலுக்கு வந்த தவநாயகியின் சிநேகிதி சிவமலர், சேலை சுற்றிய மரத்தை யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மனை வைச்சிருக்கிறியள், ஒரு சொல்லுச் சொல்லேல்லையே அக்கா!"

இல்லையென்று சொல்லத் தவநாயகி வாய் திறந்தாள். மூடிக்கொண்டாள். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து யாரும் அவளைப் பொறாமையோடு பார்த்ததில்லை.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் பின்வளவு நிறையப் பெண்கள். ஏப்ரலில் தில்லையம்பலம் முடிச்சில் கை வைத்தார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"அவிழ்க்கிறன். உள்ளுக்கு மரம் அவியப்போகுது."

"அம்மன்ரை சேலையை உரியிறியள். விசரே உங்களுக்கு?"

"இது என்ரை மரமப்பா!"

"சேலை என்ரை."

அவர் முடிச்சிலிருந்து கையை எடுத்தார். ஆனியில் சேலைக்குள்ளிருந்து பூஞ்சண நாற்றம் வந்தது. சாம்பிராணியை இன்னும் கூடுதலாகப் போடுவோம் என்று சிவமலர் வழி சொன்னாள்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, பெண்கள் கர்ப்பூரம் கொளுத்திய நேரம், வேலிக்கு அப்பால் எட்வேட், ஏப்ரலிலேயே காலுறையை அவிழ்த்துவிட்ட தன் பக்கக் கொப்பில் கறுத்துப் பழுத்திருந்த பழத்தைப் பறித்தார். பிளந்தார். வாயில் போட்டார்.

"அருமை! உனக்கும் தந்திருப்பேன். ஒன்றுதான் இருந்தது."

தில்லையம்பலம் பெண்களைத் திரும்பிப் பார்த்தார். இப்போதாவது விளங்கும்.

சிவமலர் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியளே அக்கா! அந்தாள் பக்தியா ஒரு சொக்ஸ் சாத்தினதுக்கே அம்மன் குடுத்திட்டா!"

அடுத்த கார்த்திகையில், பாதி அழுகிய அந்த மரத்தில் சேலை இல்லை. கொப்புக்கொரு காலுறை, எல்லாம் தில்லையம்பலத்தினுடையவை. ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டு.

"ஏப்ரலிலை கழட்டலாம்தானே?" என்று கேட்டார், வெறுங்கால் செருப்புக்குள் விறைக்க.

"முதல் உந்தச் செருப்பைக் கழட்டிப்போட்டு நில்லுங்கோ," என்றாள் தவநாயகி. "சன்னிதானம்."