ஒரே முன்பாதி

காலை பத்து நாற்பது. லாரி பதினொன்றரைக்குக் கிளம்ப வேண்டும்.

திருமழிசைத் தொழிற்பேட்டையில், தகரக் கூரைக்குக் கீழே அகல்யா கடைசிப் பெட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தாள். குடிநீர்த் தொட்டிகளுக்குக் கட்டளை அனுப்பும் பெட்டி. குளோரினைக் கூட்டு, குறை என்று. கட்டளையோடு எண்களால் ஆன ஒரு கையெழுத்தும் போகும். அது சரியாக இருந்தால்தான் தொட்டி கேட்கும். அந்தக் கையெழுத்துக் கணக்கு அகல்யாவுடையது. பன்னிரண்டு வருட உழைப்பு. வரும் திங்கட்கிழமை முதல் அவள் நிறுவனத்தின் தலைமை ஆய்வாளர்.

சூப்பர்வைசர் நடேசன் இரண்டு சீட்டுகளை அவள் முன்னால் வைத்தார். பெட்டி போட்ட கையெழுத்துகள்: 'கூட்டு' கட்டளைக்கு ஒன்று, 'குறை' கட்டளைக்கு ஒன்று. சீரியல் நம்பர்களை ஒப்பிட்டே பழகிய கண் அவருக்கு.

"இன்னா மேடம், ரெண்டுத்துக்கும் முன்பாதி ஒன்னாவே கீது. ரெட்டப் புள்ளையா?"

அகல்யா பார்த்தாள். விரல் வைத்து இலக்கம் இலக்கமாக மறுபடி பார்த்தாள்.

ஒவ்வொரு கையெழுத்துக்கும் பெட்டி புதிதாக ஓர் எண்ணை எடுக்க வேண்டும், யாராலும் ஊகிக்க முடியாத எண். ஒரே எண்ணை இரண்டு முறை எடுத்தால் முன்பாதி ஒன்றாக வரும். அதற்குப் பிறகு ரகசியச் சாவியைப் பிடிக்க மேதை எவரும் வேண்டாம்.

மடிக்கணினியில் பத்து வரி நிரல் எழுதினாள். சாவி திரையில் வந்து நின்றது. அது கிடைத்தவன் எந்த அளவு சொன்னாலும் தொட்டி கேட்கும்.

எங்கே தப்பு என்று தேட வேண்டியிருக்கவில்லை. போன வருடம் சோதனையின்போது, விடை ஒவ்வொரு தடவையும் ஒன்றுபோல வரட்டும் என்று அவளே அந்த எண்ணை மாறாமல் நிறுத்தி வைத்தாள். எடுத்துவிடலாமா என்று கூட வேலை பார்க்கும் சித்ரா இரண்டு முறை கேட்டாள். அந்த இடத்தில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது, நானே எடுக்கிறேன் என்று அகல்யா சொன்னாள். சித்ரா கை வைக்கவில்லை. அகல்யாவும் வைக்கவில்லை.

முதலாளி வரதனுக்குப் போன் செய்தாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். இப்போது அனுப்பிவிட்டுப் பிறகு சரிசெய்துகொள்ள முடியாதா என்றார். முடியாது, எல்லாப் பெட்டியிலும் சிப்பையே மாற்ற வேண்டும், இரண்டு மாதம் ஆகும் என்றாள். நாளைக்குக் குடிநீர்த் திட்டத்துக்குத் திறப்பு விழா, பந்தல் போட்டாகிவிட்டது என்றார். இரண்டு கையெழுத்தை யார் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்றார். கடைசியில், அவளுடைய திங்கட்கிழமைப் பதவி உயர்வு ஆர்டரில் தான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதையும் மெதுவாகச் சொன்னார்.

"நடேசன் பார்த்தாரு சார். வெறுங்கண்ணால."

போன் கட்டாகிவிட்டது.

சோதனைப் படிவத்தை இழுத்தாள். தேறவில்லை என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'என் பிழை' என்று எழுதிப் பெயரைப் போட்டாள். பிறகு, சாவி வெளியே போனால் தண்ணீர் என்னவாகும் என்று நடேசனுக்கு நாலு வாக்கியத்தில் சொல்லி, படிவத்தை அவரிடம் கொடுத்தாள். அவர் அதை இரண்டு முறை படித்தார். பிடரியைத் தடவிக்கொண்டார். 

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். இருநூற்றுப் பதினோரு பெட்டி ஏறியாகிவிட்டது.

நடேசனின் போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டுக் கடைசிப் பெட்டியின் மேல் வைத்தார். வரதன். படிவம் கிடக்கட்டும், வண்டியை விடு என்றார்.

நடேசன் அகல்யாவைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக் குனிந்தார்.

"சரி சார். எங்க ஊரு டேங்குக்கும் இதுல ஒரு பொட்டி போவுது. அத்த மட்டும் எறக்கி வெச்சுக்கட்டா?"