முதலில் பாக்கெட்டைப் பார்க்க வேண்டும்

மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் பையை அவன் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்தான். மூக்குக்கண்ணாடி விழுந்தது, பிளாஸ்க் விழுந்தது, ஒற்றைச் செருப்பு விழுந்தது, கடைசியாக ஒரு நீல ஃபைல். இன்னொரு செருப்பு பைக்குள் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. உதறி எடுத்து இரண்டையும் ஜோடி சேர்த்து மேசைக்கு அடியில் வைத்தான்.

"அதை எதுக்குண்ணா அங்க வைக்கற?" என்றாள் தங்கை. தகவல் கேட்டதும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவள், வந்ததிலிருந்து அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள். நாளைக்கு அம்மாவுக்கு உடுத்த நல்லதாக ஒன்று வேண்டும்.

"வேற எங்க வைக்கறது?"

அவள் மறுபடி அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

அம்மா போய்ப் பத்து மணி நேரம் ஆகியிருந்தது. விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு, யாரையும் கூப்பிடாமல், தூக்கத்திலேயே போய்விட்டாள். உடலை நாளைக் காலை தருவார்கள், பத்து மணிக்கு அடக்கம். போட வேண்டிய இடத்திலெல்லாம் அவன் கையெழுத்துப் போட்டாயிற்று, சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. இன்றைக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. அது அந்த நீல ஃபைலுக்குள் இருந்தது.

நேற்று சாயங்காலம்தான் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பெரியவனே, நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள கட்டுரையை மிஸ்கிட்ட குடுக்கணும். நான் எந்திரிக்கலைன்னா நீ கொண்டுபோய்க் குடுத்துடுவியா?"

"எந்திரிக்காம எங்க போகப்போற?"

"குடுப்பியா, மாட்டியா?"

"குடுக்கறேன்மா."

"அதுல கை வைக்கக் கூடாது. ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. உன் சிவப்புப் பேனா வீட்டுலயே இருக்கட்டும்."

அவன் சிரித்தான். வீட்டில் பழகிப்போன கேலி அது. இருபத்தாறு வருடமாக ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் அவன். அங்கே அவனுக்குப் பெயரே 'சிவப்பு மை'. சாப்பிடப் போன இடத்தில் விலைப்பட்டியலில் பிழை கண்டுபிடிப்பான். கல்யாணப் பத்திரிகையை யாராவது நீட்டினால் வாழ்த்துவதற்கு முன் கை தானாகச் சட்டைப் பையில் பேனாவைத் தேடும். நாற்பத்தேழு வயதில் இதற்கெல்லாம் வெட்கப்படுவதை அவன் விட்டுவிட்டான்.

அம்மா ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் நாற்பது வருடம் இஸ்திரி போட்டவள். தெருவில் யாரைக் கேட்டாலும் 'இஸ்திரியக்கா வீடு' என்றால்தான் தெரியும். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த மறு மாதமே, அறுபத்தைந்து வயதில், சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். அடிப்படை இலக்கணமும் கட்டுரை எழுதுதலும். செவ்வாய், வெள்ளி.

"இந்த வயசுல இலக்கணம் படிச்சு என்னம்மா பண்ணப்போற?"

"தப்பில்லாம ஒரு கடுதாசி எழுதணும்."

"யாருக்கு?"

"யாருக்காவது."

திருத்தித் தருகிறேன் என்று அவன் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தான். அவன் பக்கத்தில் வந்தாலே அம்மா நோட்டை மூடிவிடுவாள். ஊரெல்லாம் தன்னிடம் திருத்தக் கொடுக்க, பெற்றவள் மட்டும் மூடி வைக்கிறாளே என்று அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. வகுப்பு முடிந்தால் சான்றிதழ் கிடைக்கும். அதை மாட்ட டிவிக்கு மேலே சுவரில் அவளே ஓர் ஆணி அடித்து வைத்திருந்தாள். சான்றிதழுக்கு முன்னாலேயே ஆணி வந்துவிட்டது. பாக்கி இருந்தது இந்தக் கடைசிக் கட்டுரைதான்.

"இனிமே அதைக் குடுத்து என்னண்ணா ஆகப்போகுது?" என்றாள் தங்கை, ஃபைலைப் பார்த்து.

"குடுக்கறேன்னு சொல்லிட்டேன்."

பக்கமெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் ஃபைலைத் திறந்தான். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

மேலே கல்லூரி கொடுத்த அச்சிட்ட தாள். நீங்கள் நன்கு அறிந்த ஒரு வேலையை, அறியாதவருக்கும் புரியும்படி விளக்குக. சொந்த அனுபவத்திலிருந்து ஓர் உதாரணம் தருக. முன்னுரை, பொருளுரை, முடிவுரை மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தேர்ச்சி இல்லை. அதன் கீழே அம்மாவின் மூன்று பக்கங்கள். முதல் இரண்டும் சுருக்கம் இல்லாமல் மொடமொடவென்று இருந்தன. எழுதி முடித்த தாளை இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டு வைப்பது அவள் வழக்கம். மூன்றாவது, மருத்துவமனைக் கட்டிலில் எழுதியது, கசங்கியிருந்தது.

படித்தான். அவன் கண் கேட்காமலே பிழைகளைத் திருத்திப் படித்தது, எண்ணவும் தொடங்கியது.

'எந்தத் துணியானாலும் முதலில் பாக்கெட்டைப் பார்க்க வேண்டும். தண்ணீர் தெளிப்பது பிறகு. சூடு வைப்பது பிறகு. சில்லறை இருந்தால் பெட்டியின் அடி கீறிப்போகும். பேனா இருந்தால் துணியே போச்சு. எங்கள் ஹோட்டலில் ஒரு விருந்தாளியின் கோட்டுப் பாக்கெட்டில் பல்செட் இருந்தது. அவர் அதைத் தேடிக்கொண்டு இரண்டு நாள் சூப் மட்டும் குடித்தாராம். ஒருவருடைய பாக்கெட்டில் என்ன இருந்தாலும் இஸ்திரி போடுகிறவர் வெளியே சொல்லக் கூடாது. எடுத்து வைத்துவிட்டு வேலை முடிந்ததும் திருப்பி வைத்துவிட வேண்டும்.'

முதல் பக்கத்தில் ஒன்பது பிழை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தைத் திருப்பினான்.

'உதாரணம். என் மகனுக்கு அப்போது பதினோரு வயது. அவன் பள்ளிக்கூடக் கால்சட்டைக்கு இஸ்திரி போடும்போது பாக்கெட்டில் ஒரு காகிதம் இருந்தது. பந்தாகச் சுருட்டியிருந்தது. பிரித்தேன். அவனுக்குக் காய்ச்சல் என்று அவன் வாத்தியாருக்கு நான் எழுதிய கடிதம். கொடுக்க மறந்துவிட்டான் போலிருக்கிறது, அடி வாங்கப் போகிறான் என்று பயந்து மறுநாள் பள்ளிக்கூடம் போனேன். கடிதம் வந்துவிட்டதே என்று வாத்தியார் எடுத்துக் காட்டினார். என் கையெழுத்துதான். ஆனால் நான் எழுதியது இல்லை. அதில் ஒரு பிழைகூட இல்லை. இப்போதெல்லாம் நன்றாக எழுதுகிறீர்கள் அம்மா என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

'என் கடிதத்தை இஸ்திரி போட்டேன். காகிதத்துக்குச் சூடு குறைவாக வைக்க வேண்டும். நான்காக மடித்து அதே பாக்கெட்டில் திருப்பி வைத்தேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.'

இந்தப் பக்கத்தில் எத்தனை பிழை என்று அவனுக்குத் தெரியவில்லை. எங்கேயோ எண்ணுவது நின்றுபோயிருந்தது.

மூன்றாவது பக்கத்தில் 'முடிவுரை' என்று எழுதி ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருந்தாள். அதன் கீழே 'இதனால் நான் சொல்ல வருவது' என்று ஒரு வரி தொடங்கியிருந்தது. அவ்வளவுதான். மிச்சம் வெள்ளைத்தாள்.

அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அதற்கு முந்தின கடிதத்தை வாத்தியார் சிவப்புப் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டு வகுப்புக்கே தூக்கிக் காட்டியதும், பின்வரிசை வரைக்கும் சிரித்ததும். இனி அம்மா எழுதியது பள்ளிக்கூட வாசலைத் தாண்டக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். வலப்பக்கம் சாய்ந்து, ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கும் அவள் எழுத்தைப் பழக ஒரு வாரம்தான் பிடித்தது. அந்தக் காய்ச்சல் கடிதமும் ஞாபகம் இருந்தது. பள்ளிக்கூட வாசலில் பாக்கெட்டில் கைவிட்டபோது அது மடிப்பாக இருந்தது. தான் சுருட்டியது எப்படி மடிப்பானது என்று ஒரு நொடி நின்று யோசித்ததும் உண்மை. அதற்குள் மணி அடித்தது. கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

அதற்குப் பிறகுதான் அம்மா, "கை வலிக்குதுப்பா, நீயே எழுதிடு" என்று சொல்ல ஆரம்பித்தாள். விண்ணப்பம், கடிதம், பார்சல் மேல் முகவரி, எல்லாம் அவன்தான். நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியைத் தூக்கும் கை, வலிக்கத்தான் செய்யும் என்று முப்பத்தாறு வருடம் நம்பினான். களிம்புகூட வாங்கித் தந்திருக்கிறான். அவளும் அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது. பக்கத்து அறையில் தங்கை துணிகளை உதறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தபோது டிவிக்கு மேலே ஆணி தெரிந்தது. நான்கு வரி போதும், அந்த ஆணிக்கு வேலை வந்துவிடும். அம்மாவின் எழுத்தை அம்மாவைவிட அதிகமாக எழுதியவன் அவன். கண்டுபிடிக்க ஆளே கிடையாது. கறுப்புப் பேனாவை எடுத்து, ஒரு துண்டுத் தாளில் முதலில் பழகிப் பார்த்தான். 'இதனால் நான் சொல்ல வருவது என்னவென்றால்.' இத்தனை வருடத்துக்குப் பிறகும் கை மறக்கவில்லை. எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்து நெருக்கியடித்துக்கொண்டு வந்தன.

அதை அவள் பக்கத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தான்.

அவள் எழுத்து நேராக நின்றது. உருண்டையாக இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் தாராளமாக இடம் விட்டிருந்தாள். இரண்டும் ஒரே ஆள் எழுதியது என்று குழந்தைகூட நம்பாது. இது எப்போது வந்தது? இதே மேசையில், அவன் செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது, அவனுக்கு ஐந்தடி தள்ளி உட்கார்ந்துதான் எழுதிப் பழகியிருக்கிறாள். தன் அம்மாவின் கையெழுத்து தனக்குத் தெரியாது.

எழுத்தை விடு, வரியைத்தான் என்னவென்று எழுதுவது? பரவாயில்லை என்று சொல்ல வந்தாளா? திட்ட வந்தாளா? அரைகுறையாக நின்ற எத்தனையோ பேருடைய வாக்கியங்களை அவன் முடித்துக் கொடுத்திருக்கிறான். இதை அவனால் முடிக்க முடியவில்லை. துண்டுத் தாளைச் சுருட்டி பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு எழுந்தான்.

கல்லூரி நடக்கிற தூரம்தான். வகுப்பில் மேசைமேல் கட்டுரைகள் அடுக்கியிருந்தன. மிஸ் அவன் தங்கையைவிடச் சின்னப் பெண். கடைசி பெஞ்சில் ஒரு லாரி டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டு இன்னமும் எழுதிக்கொண்டிருந்தார். நீல ஃபைலைப் பார்த்ததும் அவருக்கு ஆள் புரிந்துவிட்டது.

"இஸ்திரியக்கா பையனா நீங்க? அக்கா வரலையா? என் பேப்பரெல்லாம் கசங்கிப்போய்க் கிடக்கு, அவங்கதான் ஒரு இழுப்பு இழுத்துக் குடுப்பாங்க."

அவன் மிஸ்ஸிடம் ஃபைலை நீட்டினான். அவள் புரட்டிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் மட்டும் கசங்கியிருக்கே?"

"ஆஸ்பத்திரியில எழுதினது." அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நேராகச் சொன்னான். "இன்னைக்குக் காலையில தவறிட்டாங்க."

டிரைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். மிஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார். அவங்க இங்க வந்த முதல் நாள் என்ன கேட்டாங்க தெரியுமா? கையெழுத்தை மாத்திக்க முடியுமா மிஸ்னு கேட்டாங்க. ஏன், இது நல்லாத்தானே இருக்குன்னேன். 'இது பழசு, வீட்டுல ஒருத்தர் எடுத்துக்கிட்டார், எனக்குப் புதுசா ஒண்ணு வேணும்'னாங்க. வகுப்பே சிரிச்சுது. அவங்களும்தான் சிரிச்சாங்க."

"சிரிச்சாங்களா?"

"விழுந்து விழுந்து."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மிஸ் கடைசிப் பக்கத்துக்கு வந்து, அந்த அரை வரியைப் பார்த்து, கடிகாரத்தையும் பார்த்தாள்.

"அஞ்சாக இன்னும் பத்து நிமிஷம் இருக்கு சார். நாலு வரி நீங்களே எழுதிடுங்க. நான் எதையும் பார்க்கலை."

"கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"இப்படியே வாங்கினா தேர்ச்சி போட முடியாது. அது விதி."

"தெரியும் மிஸ். அவங்க எழுதினது அவ்வளவுதான்."

அவள் தலையசைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்து அவன் பக்கம் திருப்பினாள். அம்மாவின் வரிசையில், ஒப்படைத்த ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒன்றாக, நேராக நிற்கும் அந்தக் கையெழுத்து. கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

"ஒப்படைச்சதுக்கு ஒரு கையெழுத்து வேணும். அவங்க பேரையே போட்டுடுங்க, பரவாயில்லை."

அவன் பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்துக்குள் தன் கையெழுத்தைப் போட்டான். கீழே சின்னதாக 'மகன்' என்று எழுதினான். மிஸ் கட்டுரையை எடுத்து, அடுக்கில் வைக்காமல், தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது தங்கை இஸ்திரிப் பலகையை விரித்து வைத்திருந்தாள். அம்மாவுக்கான உடுப்பு ஏற்கெனவே தேய்த்து நாற்காலி முதுகில் தொங்கியது.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"நாளைக்கும் இதே கறுப்பு பேன்ட்தானே? கழட்டிக் குடு, தேச்சுடறேன்."

"வேணாம், நான் தேச்சுக்கறேன்."

"நீயா?" இத்தனை துக்கத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்கு எப்பண்ணா தேய்க்கத் தெரியும்?"

"எப்படின்னு படிச்சிருக்கேன்."

வேறு உடை மாற்றிக்கொண்டு வந்து பேன்ட்டைப் பலகைமேல் போட்டான். முதலில் பாக்கெட்டில் கைவிட்டுப் பார்த்தான். பந்தாகச் சுருட்டிய அந்தத் துண்டுத் தாள் கையில் வந்தது. பிரித்தான். அம்மாவின் பழைய எழுத்து வலப்பக்கம் சாய்ந்து நின்றது.

பெட்டியின் சூட்டைக் குறைத்தான். தாளைப் பலகையில் பரப்பி, மெதுவாக ஒருமுறை மேலே இழுத்து, நான்காக மடித்துத் தனியே வைத்தான். பேன்ட்டைத் தேய்த்து முடித்ததும், அதை எடுத்து அதே பாக்கெட்டில் திருப்பி வைத்தான்.